2எஸ் லிபோ தேர்வும் பராமரிப்பும்: லேபிளில் இருக்கும் எண்ணை நம்புவதா, அளந்து பார்ப்பதா?

பினியன்72:

வணக்கம். ரிமோட் கார் ரேஸுக்கு லிபோ (லித்தியம் பாலிமர் பேட்டரி) வாங்குவது பற்றிக் கொஞ்சம் தெளிவு வேண்டும். கார் 1/10 அளவு, பின்சக்கர டிரைவ் பக்கி. 17.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் (இரண்டு செல் தொடராக) மட்டும் அனுமதி, ஒரு ரேஸ் 5 நிமிடம். ஷார்ட்டி (நீளம் குறைந்த) பேக் என்றால் ஒரே அளவு பெட்டிக்குள் 4000 எம்ஏஎச்சும் இருக்கிறது, 6000-மும் இருக்கிறது. ஒன்றில் 60சி என்று போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பதில் 130சி. போதாததற்கு 7.6 வோல்ட் என்று எழுதிய ஹைவோல்டேஜ் பேக் வேறு. எதைப் பார்த்து வாங்குவது? வாங்கிய பிறகு இரண்டு சீசனாவது உழைக்க என்ன செய்ய வேண்டும்? சார்ஜரில் பேலன்ஸ் வசதியும் (செல்களின் வோல்டேஜைச் சமப்படுத்துவது) இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ், அதாவது உள்தடை, காட்டும் வசதியும் உள்ளது.

மில்லிஓம்:

முதலில் சி ரேட்டிங், அதாவது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டம் என்ற எண். கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். 4600 எம்ஏஎச், 130சி என்றால் 4.6 x 130 = 598 ஆம்பியர். அந்த வேகத்தில் இழுத்தால் பேக் 28 வினாடியில் காலி. நல்ல பேக் ஒன்றின் செல்லுக்கு 2 மில்லிஓம் உள்தடை என்று வைத்தாலும் இரண்டு செல்லுக்கு 4 மில்லிஓம். 598 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் உள்ளேயே 2.4 வோல்ட் விழுந்துவிடும், பேக்குக்குள் மட்டும் 1400 வாட்டுக்கு மேல் சூடு. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டியை விட அதிகம், அதுவும் உள்ளங்கை அளவு பெட்டிக்குள். நடக்கிற காரியமே இல்லை. லேபிளில் உள்ள சி எண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை கிடையாது. ஒரே பிராண்டுக்குள் ஒரு மாடலை இன்னொன்றோடு ஒப்பிட ஓரளவு உதவும். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட உதவவே உதவாது.

அடுத்து, உங்கள் காருக்கு உண்மையில் எவ்வளவு தேவை? 5 நிமிட ரேஸ் முடிந்து சார்ஜ் போடும்போது சார்ஜர் 1600 எம்ஏஎச் திரும்ப ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். 1.6 ஆம்பியர் மணியை 5 நிமிடத்தில் செலவழித்தால் சராசரி 19 ஆம்பியர்தான். மூலையிலிருந்து வெளியே வரும்போது நொடிப்பொழுதுக்கு அதைப் போல மூன்று மடங்கு போகலாம். 60 ஆம்பியர் என்று வையுங்கள். 4600 எம்ஏஎச் பேக்குக்கு அது 13சி. அதனால் 60சி-யா 130சி-யா என்று யோசிப்பதில் பலன் இல்லை.

அந்த 60 ஆம்பியர் இழுவையில் வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. செல்லுக்கு 1.5 மில்லிஓம் இருந்தால் பேக் 3 மில்லிஓம், சரிவு 0.18 வோல்ட். செல்லுக்கு 3 மில்லிஓம் என்றால் சரிவு 0.36 வோல்ட். ஸ்பீடு கண்ட்ரோலரில் டைமிங் ஏற்ற முடியாத ஸ்டாக் வகுப்பில் (உங்கள் 17.5 போல மோட்டாருக்கு வரம்பு உள்ள வகுப்பு) அந்த 0.18 வோல்ட் வித்தியாசம் நேர்பாதை முடிவில் கண்ணுக்கே தெரியும். மோட்டார் வரம்பில்லாத மாடிஃபைட் வகுப்பில் எப்படியும் திராட்டிலைக் குறைத்துத்தான் ஓட்டுகிறோம், அங்கே இதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஆக, ஸ்டாக் வகுப்புக்கு உள்தடை குறைந்த பேக். கொள்ளளவு, செலவாவதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் தாராளம்.

சரளைத்தடம்:

மில்லிஓம் சொன்னதோடு அளவையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். பக்கியில் அது மின்சாரத்துக்குச் சமமான விஷயம்.

ஷார்ட்டி என்பது ஏறத்தாழ 96 x 47 x 25 மில்லிமீட்டர். முழு நீள ஸ்டிக் பேக் 139 x 47 x 25. உயரம் குறைந்த எல்சிஜி (ஈர்ப்பு மையம் தாழ்ந்த) வகை 18.5 மில்லிமீட்டர் அளவில் வரும். எடை கீழே இறங்கும், ஆனால் கொள்ளளவும் குறையும். உங்கள் சேஸிஸில் எந்த உயரத்துக்கு ஸ்ட்ராப் பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 18.5 பேக்கை 25-க்கான தட்டில் வைத்து மேலே ஃபோம் திணிப்பவர்கள் உண்டு. முதல் பெரிய ஜம்ப்பில் பேக் மேலும் கீழும் துள்ளும், புல்லட் (பேக்கில் செருகும் வயர்முனை உருளை) தளரும்.

ஒரே பெட்டி அளவில் 4000-க்கும் 6000-க்கும் எடை வித்தியாசம் இருக்கும். காரைத் தராசில் வைத்து வகுப்பின் குறைந்தபட்ச எடைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். எடை இடம் தந்தால் கொஞ்சம் கனமான பேக் நல்லதுதான், பித்தளை எடைத்தகடு வாங்கும் செலவு மிச்சம். ஏற்கனவே எடை கூடிய கார் என்றால் 4000 போதும்.

வைக்கும் இடம்: தட்டின் முன்னும் பின்னும் ஃபோம் துண்டுகள் இருக்கும். பிடிமானம் குறைந்த மண் தடத்தில் பேக்கைப் பின்னுக்குத் தள்ளினால் பின்டயருக்குப் பிடி கூடும். பிடி அதிகமுள்ள தடத்தில் முன்னுக்குக் கொண்டுவந்தால் திருப்பம் கூர்மையாகும். 5 மில்லிமீட்டர் நகர்த்தினாலே கை உணரும். ஒரு ஷாக் ஆயிலை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

ஃபோம் காய்ந்து இறுகிவிட்டால் மாற்றுங்கள். பெட்டியின் மூலை விரிசல் விடுவது பெரும்பாலும் அதனால்தான்.

ஈயக்கம்பி:

பேக் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேக்கிலிருந்து ஸ்பீடு கண்ட்ரோலர் வரைக்கும் உள்ள வயரை யாரும் பார்ப்பதில்லை. 12 கேஜ் வயர் ஒரு மீட்டருக்கு 5.2 மில்லிஓம், 14 கேஜ் 8.3. சிவப்பும் கறுப்பும் சேர்த்து 30 சென்டிமீட்டர் 14 கேஜ் போட்டிருந்தால் அதிலேயே 2.5 மில்லிஓம் போய்விட்டது. அதையே 12 கேஜில் 20 சென்டிமீட்டராகச் சுருக்கினால் 1 மில்லிஓம்தான். விலை உயர்ந்த பேக்குக்கும் நடுத்தர பேக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை ஒரு முழம் வயரில் சம்பாதித்துவிடலாம். இதைச் செய்யாமல் பேக்குக்குச் செலவு செய்வது வீண்.

ரேஸ் பேக்குகளில் பெட்டியின் மேலேயே குழாய் போன்ற துளை இருக்கும், 4 அல்லது 5 மில்லிமீட்டர் புல்லட்டை அதில் நேராகச் செருக வேண்டும். சில பேக்கில் இரண்டும் பொருந்தும்படி படிவைத்த துளை. இதில் கவனிக்க வேண்டியவை:

புல்லட்டின் நீளம். துளையை விட நீளமானால் அடியில் முட்டிக்கொண்டு தலை மேலே நிற்கும், பாடி ஷெல் தட்டும்.

இறுக்கம். பிளவு வைத்த புல்லட் நாள்படத் தளரும். மெல்லிய கத்தி நுனியைப் பிளவில் வைத்து ஒரு மயிரிழை விரித்தால் போதும். சுற்றிலும் ஸ்பிரிங் கூண்டு உள்ள வகை தளர்ந்துவிட்டால் விரிக்க முடியாது, மாற்றுவதுதான் வழி. ரேஸ் முடிந்ததும் புல்லட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். பேக்கை விடப் புல்லட் சூடாக இருந்தால் கோளாறு அங்கேதான். கறுத்த புள்ளிகள் தெரிந்தால் தீப்பொறி பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் புல்லட்டைத் தூக்கிப் போடுங்கள்.

துருவம். இதுதான் ஆபத்தானது. எக்ஸ்டி60 மாதிரி கனெக்டரைத் தலைகீழாகச் செருகவே முடியாது. புல்லட் எந்தத் துளைக்குள்ளும் போகும். மாற்றிச் செருகினால் ஸ்பீடு கண்ட்ரோலர் அந்த நொடியே முடிந்தது. பிளஸ் துளையைச் சுற்றி சிவப்பு வண்ணம் தீட்டுங்கள். மைனஸ் வயரைப் பிளஸ் துளை வரை எட்டாத நீளத்துக்கு வெட்டுவது இன்னும் நல்லது. கண் ஏமாந்தாலும் வயர் எட்டாது.

சால்டரிங்: 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன், அகலமான உளி முனை, 63/37 ஈயம், கொஞ்சம் ஃப்ளக்ஸ். மரக்கட்டையில் துளை போட்டுப் புல்லட்டை நிறுத்துங்கள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஈயம் நிரப்பி, முன்பே ஈயம் பூசிய வயரை இறக்கி, பளபளப்பு அடங்கும் வரை அசைக்காமல் பிடியுங்கள். சிறிய அயர்ன் வைத்து நிமிடக்கணக்கில் சூடேற்றினால் வயரின் உறைக்குள் ஈயம் ஏறி விறைத்துப்போகும், அந்த இடத்தில்தான் பிறகு ஒடியும். எக்ஸ்டி60-க்குச் சால்டர் செய்யும்போது அதன் ஜோடியைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இளகி ஊசி சாயும்.

வயரோடு வரும் பேக்கில் கனெக்டரை மாற்ற வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும். முதல் வயரைச் சால்டர் செய்து, உறை சுருக்கி மூடிய பிறகே அடுத்ததை வெட்டுங்கள். இரண்டையும் கட்டரில் ஒன்றாக வைத்து வெட்டினால் கட்டரின் வாய் உருகும்.

பினியன்72:

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். ஹைவோல்டேஜ் பேக் வாங்கலாமா? சார்ஜர் காட்டும் மில்லிஓம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வருகிறது, எதை நம்புவது? புதுப் பேக்கை முதலில் மெதுவாகப் பழக்க வேண்டுமா?

மில்லிஓம்:

ஹைவோல்டேஜ் செல்லின் முழு சார்ஜ் 4.35 வோல்ட், சாதாரண லிபோவுக்கு 4.20. பெயரளவு வோல்டேஜ் 3.8, மற்றதற்கு 3.7. உங்கள் ரேஸ் விதியில் 2எஸ் பேக்குக்கு 8.40 வோல்ட் உச்சவரம்பு இருந்தால் அந்தப் பேக்கையும் 4.20-க்குத்தான் ஏற்ற முடியும். அப்படி ஏற்றினால் லேபிளில் போட்ட கொள்ளளவு முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் அது 4.35 வரை ஏற்றிக் கணக்கிட்ட எண். 5 நிமிட ரேஸுக்கு அதனால் பாதகமில்லை. உள்தடை நன்றாக இருந்தால் வாங்கலாம். ஆனால் சார்ஜரில் ஹைவோல்டேஜ் மோடும் சாதாரண மோடும் அடுத்தடுத்து இருக்கும். சாதாரண லிபோவைத் தவறி 4.35-க்கு ஏற்றினால் பேக் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். இரண்டு வகையையும் கலந்து வைத்திருப்பவர்கள் பேக்கின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இன்னும் நல்லது, ஒரே வகையை மட்டும் வைத்துக்கொள்வது.

உள்தடை மாறி மாறி வருவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். செல் சூடாக இருந்தால் எண் குறையும், குளிர்ந்தால் ஏறும். காலையில் 2.4 காட்டியது ரேஸ் முடிந்த கையோடு 1.5 காட்டினால் பேக் திடீரென நல்லதாகிவிடவில்லை. அதனால் அளவெடுப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். பேக் இரண்டு மணி நேரமாவது அறை வெப்பத்தில் கிடக்கட்டும். எப்போதும் ஒரே சார்ஜ் நிலையில் அளவெடுங்கள், சேமிப்பு வோல்டேஜே (செல்லுக்கு 3.8 வோல்ட் அளவு) வசதி. அதே சார்ஜர், அதே வயர். காலியாகும் தறுவாயில் உள்தடை எகிறும், அப்போது எடுத்த எண்ணை வைத்துக் கவலைப்படாதீர்கள். சார்ஜர் தரும் எண்ணில் கனெக்டர் தடையும் கலந்திருக்கலாம். அதனால் வேறொருவரின் சார்ஜர் காட்டிய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பேக்கின் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு செல்லுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். 1.6, 1.7 என்றால் நல்ல ஜோடி. 1.6, 2.9 என்று புதுப் பேக்கிலேயே வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பழக்குவது பற்றி: நிக்கல் பேட்டரி காலத்து வழக்கம் அது. லிபோவுக்குக் கட்டாயம் இல்லை. முதல் இரண்டு மூன்று சுற்று 1சி சார்ஜ், மென்மையான ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் கெடுதலும் இல்லை. கோளாறான செல் இருந்தால் அந்த நிதானத்தில் வெளியே தெரியும்.

கார்பெட்12:

சார்ஜ் செய்யும் முறையை யாரும் சொல்லவில்லை, நான் எழுதிவிடுகிறேன். ஹார்ட்கேஸ் (கெட்டிப் பெட்டி) பேக்குக்கு வரிசை முக்கியம்.

1. சார்ஜ் வயரை முதலில் சார்ஜரில் செருகுங்கள். பிறகுதான் பேக்கில். மாற்றிச் செய்தால் பேக்கில் ஒரு முனை இருக்க, மறுமுனையின் இரண்டு புல்லட்டும் மேசையில் ஒன்றையொன்று தொடும். ஷார்ட் சர்க்யூட்டில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. கழற்றும்போது பேக் முதலில், சார்ஜர் கடைசியில்.

2. பேலன்ஸ் வயர். ரேஸ் பேக்கில் இது 2 மில்லிமீட்டர் ஊசியாகத் தனியே இருக்கும். அதைச் செருகியதும் சார்ஜரில் இரண்டு செல்லின் வோல்டேஜும் தனித்தனியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தெரிந்தால் நிறுத்திவிட்டு வயரைச் சோதியுங்கள்.

3. வேதி வகை, செல் எண்ணிக்கை, மின்னோட்டம். 6000 எம்ஏஎச்சுக்கு 1சி என்றால் 6 ஆம்பியர், 4600-க்கு 4.6. தொடக்கப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் திரையில் உள்ள மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள்.

4. கல் அல்லது ஓடு பதித்த தளத்தில், தீப்பிடிக்கும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல், லிபோ பைக்குள் வைத்து. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். காருக்குள் வைத்தபடியே சார்ஜ் செய்யக் கூடாது.

5. ரேஸிலிருந்து வந்த பேக் தொட்டால் தெரியும் சூடு தணியும் வரை சார்ஜ் வேண்டாம்.

2சி-யில் ஏற்றினால் நேரம் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். 4.20-ஐத் தொட்ட பிறகு வோல்டேஜைப் பிடித்து வைத்து மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும் பகுதி எப்படியும் நிதானமாகத்தான் நடக்கும்.

சிறு சார்ஜர்களின் பேலன்ஸ் மின்னோட்டம் 200 முதல் 300 மில்லி ஆம்பியர்தான் இருக்கும். ஒரு செல் 4.20, மற்றது 4.10 என்று நின்றால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம், 4600 பேக்கில் கிட்டத்தட்ட 450 எம்ஏஎச். 300 மில்லி ஆம்பியரில் அதைச் சரிக்கட்ட ஒன்றரை மணி நேரம். ரேஸுக்குப் பத்து நிமிடம் முன்னால் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. முந்தைய இரவே சேமிப்பு நிலையில் பேலன்ஸ் பார்த்துவிட்டால் மறுநாள் இந்த அவஸ்தை இல்லை.

8.40 வரம்பு உள்ள இடத்தில் உங்கள் சார்ஜரை ஒரு நல்ல மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். சார்ஜர் 4.20 என்று காட்ட, உண்மையில் 4.22 இருந்தால் தொழில்நுட்பச் சோதனையில் பேக் 8.44 காட்டும். முடிவு வோல்டேஜை 4.19 என்று வைக்க வசதி இருந்தால் வையுங்கள்.

ரேஸுக்கு முன்னால் பேக்கை 20, 30 ஆம்பியரில் கொஞ்சம் இறக்கி மறுபடி ஏற்றினால் உள்ளே சூடேறி உள்தடை குறையும். குளிர்ந்த அரங்குகளில் நல்ல பலன் தரும்.

மில்லிஓம்:

கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சூடேறினால் உள்தடை குறைவது உண்மை. ஆனால் ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு கூடுதல் சுழற்சி என்றால் பேக்கின் ஆயுளைப் பாதியாக்கிக்கொள்கிறீர்கள். வகுப்பு விதியில் பேட்டரியைச் சூடேற்றுவதற்குத் தடை இருக்கிறதா என்றும் முதலில் பார்க்க வேண்டும். புதிதாக வருபவருக்கு இது தேவையில்லாத வேலை. ரேஸுக்கு 10, 15 நிமிடம் முன்னால் சார்ஜ் முடியும்படி நேரத்தைக் கணக்குப் பண்ணினால் அந்தச் சூடே போதும்.

கார்பெட்12:

தேசிய அளவில் ஓட்டுபவர்கள் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, அதை வைத்துச் சொன்னேன். கிளப் ரேஸுக்கு நீங்கள் சொல்வதே சரி. மேல் எல்லையையும் சொல்லிவிடுகிறேன்: ரேஸ் முடிந்து பேக் 60 டிகிரியைத் தாண்டியிருந்தால் அது சேதத்தின் எல்லை. கியரிங் அதிகமாகியிருக்கலாம், அல்லது பேக் ஓய்ந்துவிட்டது. மறுபக்கம், உறையும் குளிரில் கிடந்த பேக்கைச் சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் உள்ளே போகாமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படியும். அது திரும்பாத சேதம்.

சரளைத்தடம்:

டூரிங் கார் ஓட்டுபவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று. அங்கே பேக்கை இறுக்கக் கூடாது. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அசைய விட வேண்டும். இறுகினால் சேஸிஸின் நெளிவு இடத்துக்கும் வலத்துக்கும் வேறாகி, ஒரு பக்கம் திரும்பும், மறுபக்கம் தள்ளும். உப்பத் தொடங்கிய பேக் இதைத்தான் செய்யும். ஷாக்கையும் ரோல் பாரையும் மாற்றிப் பார்த்துச் சலிப்பதற்கு முன்னால் இரும்பு ஸ்கேலைப் பேக்கின் முகத்தில் படுக்க வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் ஸ்கேல் ஆடினால், இரு ஓரத்திலும் வெளிச்சக் கீற்று தெரிந்தால், பேக் உப்பியிருக்கிறது.

பினியன்72:

ஸ்பீடு கண்ட்ரோலரில் கட்ஆஃப் (வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் எல்லை) எவ்வளவு வைப்பது? கட்ஆஃப் இருந்தும் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போக வாய்ப்பு உண்டா?

மில்லிஓம்:

செல்லுக்கு 3.2-லிருந்து 3.4 வரை, அதாவது 2எஸ்-க்கு 6.4 முதல் 6.8. இது சுமையோடு இருக்கும்போது உள்ள வோல்டேஜ். நிறுத்தியதும் தானே கொஞ்சம் மேலே ஏறும்.

வாய்ப்பு நிச்சயம் உண்டு. ஸ்பீடு கண்ட்ரோலருக்குத் தெரிவது மொத்த வோல்டேஜ் மட்டும். 6.4 என்பது 3.2 + 3.2-ஆகவும் இருக்கலாம், 3.6 + 2.8-ஆகவும் இருக்கலாம். பலவீனமான செல் முதலில் தரைதட்டும், மற்றது அதை மறைத்துவிடும். கட்ஆஃப் வரை ஓட்டுவதையே பழக்கமாக்காதீர்கள். கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் நிறுத்துங்கள். 4600 என்றால் 3700 எம்ஏஎச்சுக்குள். பயிற்சி ஓட்டத்துக்கு டிரான்ஸ்மிட்டரில் நேரம் வைத்துவிட்டால் கட்ஆஃப் பக்கமே போக வேண்டியதில்லை.

இன்னொன்று, சுவிட்சை அணைத்துவிட்டுப் பேக்கைக் காரிலேயே விடுவது. அணைத்த பிறகும் ஸ்பீடு கண்ட்ரோலர் துளித்துளியாக இழுத்துக்கொண்டே இருக்கும். சில நாளில் பேக் பூஜ்யத்துக்கு வந்துவிடும். தடத்திலிருந்து கார் திரும்பியதும் முதல் வேலை புல்லட்டை உருவுவது.

வேகத்தடை:

அப்படி 2 வோல்ட்டுக்கு இறங்கிய பேக்கை எறிய வேண்டாம். லிபோ மோடில் சார்ஜர் ஏற்காது. நிக்கல் மோடில் வைத்து கொஞ்ச நேரம் ஏற்றினால் 3 வோல்ட் வந்துவிடும், பிறகு லிபோ மோடுக்கு மாற்றலாம். வேலை செய்யும்.

மில்லிஓம்:

வேலை செய்வது போலத் தெரியும். தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம். லிபோ மோடில் சார்ஜர் மறுப்பது காரணத்தோடுதான். செல் மிகக் கீழே இறங்கும்போது எதிர்மின்முனையின் செம்புத் தகடு கரைந்து திரவத்தில் கலக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, இரண்டு முனைக்கும் நடுவே உள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்துக்கொண்டு வளரலாம். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பத்தாவது சார்ஜில் ஆகலாம். நிக்கல் மோடில் 4.20-இல் நிறுத்தும் காவலும் கிடையாது, ஆள் கண் அசந்தால் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

சில மணி நேரம் மட்டும் 2.8, 2.9 என்று நின்ற செல் வேறு விஷயம். அதை 0.1சி-யில், 4600 பேக் என்றால் அரை ஆம்பியருக்குள், கண்முன்னால் வைத்து ஏற்றிப் பார்க்கலாம். உப்பினாலோ சூடேறினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். முழுதாக ஏற்றிய பின் ஒரு நாள் வெளியே பாதுகாப்பாக வைத்து, இரண்டு செல்லும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். 2 வோல்ட், 1 வோல்ட் என்று வந்துவிட்டதா, அந்தப் பேக் முடிந்தது.

வேகத்தடை:

செம்பு கரையும் விஷயம் தெரியாது. என் பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஈயக்கம்பி:

சேமிப்பு. செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட். முழு சார்ஜில் ஓரிரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மழையால் ரேஸ் ரத்தாகி, எல்லாப் பேக்கும் 8.40-இல் அடுத்த வாரம் வரை கிடப்பதுதான் பேக் உப்புவதற்கு முதல் காரணம். கடும் ஓட்டம் கூட அவ்வளவு கெடுப்பதில்லை. முழு வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்தால் உள்ளே திரவம் சிதைந்து வாயுவாகிறது.

இறக்குவதற்குச் சார்ஜரின் டிஸ்சார்ஜ் வசதியை நம்பினால் பொறுமை வேண்டும். 10 வாட் டிஸ்சார்ஜ் என்றால் 8 வோல்ட்டில் 1.3 ஆம்பியர்கூட வராது. 6000 பேக்கைப் பாதிக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு பேக் இருந்தால் ராத்திரி முழுக்க. 12 வோல்ட், 55 வாட் வாகன ஹாலஜன் பல்ப் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகமாக இறக்கும். ஆனால் பல்ப் தானாக நிற்காது. பேலன்ஸ் முனையில் சிறிய வோல்டேஜ் அலாரத்தைச் செருகி 3.8-இல் கத்தும்படி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். பல்ப் கண்ணாடி கடுமையாகச் சுடும், மேசை மேல் படுக்க வைக்காதீர்கள்.

பினியன்72:

உப்பிய பேக்கை எப்படி அப்புறப்படுத்துவது? உப்பு நீரில் போடச் சொல்கிறார்களே?

ஈயக்கம்பி:

உப்பு நீரை நம்பாதீர்கள். வெளியே உள்ள முனையை அது அரித்துத் தின்றுவிடும். அதன் பிறகு செல்லுக்கும் வெளியுலகுக்கும் தொடர்பு அறுந்து, உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கும். காலியாகிவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டால் அங்கே எரியும்.

பல்ப் முறையே சரி. வீட்டுக்கு வெளியே, கல் தரையில், சிறிய 12 வோல்ட் 21 வாட் பல்பை மாட்டி முழுக்க அணையும் வரை விடுங்கள், பிறகும் ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வந்ததும் துளைகளின் மேல் டேப் ஒட்டி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வாயுவை வெளியேற்றலாம் என்று ஊசியால் குத்துவதோ பெட்டியைப் பிளப்பதோ கூடவே கூடாது. பலமாக உப்பி, சூடாகவும் இருக்கும் பேக்கில் பல்பைக்கூட மாட்டாமல் மணல் வாளிக்குள் வெளியே வைத்துவிடுங்கள்.

மோதிய பிறகும் இதே எச்சரிக்கை. பெட்டி விரிசல் விட்டிருந்தாலோ, நகப்பூச்சு நீக்கும் திரவம் போன்ற இனிப்பு வாடை வந்தாலோ, உள்ளே செல் கிழிந்திருக்கலாம். அரை மணி நேரமாவது வெளியே வைத்துக் கவனியுங்கள். தீப்பிடித்தால் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், அதில் நச்சு உண்டு. சுற்றியிருப்பதை அகற்றி, நிறைய மணலோ நிறைய தண்ணீரோ. ஒரு குவளைத் தண்ணீரால் ஆகப் போவது ஒன்றுமில்லை.

எட்டில்ஒன்று:

1/8 மின்பக்கிக்கு வர நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. 4எஸ், 14.8 வோல்ட். ஒரே பேக்காகவோ, இரண்டு 2எஸ் தொடராகவோ போடலாம். இரண்டாகப் போட்டால் ஒரே மாடல், ஒன்றாக வாங்கியது, எப்போதும் ஜோடியாகவே ஓட்டியது. புதிதையும் பழையதையும் தொடரில் கோர்த்தால் பழையதுதான் முதலில் காலியாகி, அதன் துருவம் தலைகீழாகும்.

சார்ஜரின் வாட்டைப் பாருங்கள். 6500 எம்ஏஎச் 4எஸ்-ஐ 1சி-யில் ஏற்ற 6.5 x 16.8, கிட்டத்தட்ட 110 வாட் தேவை. 80 வாட் சார்ஜர் 4.7 ஆம்பியரோடு நின்றுவிடும். பவர் சப்ளை சார்ஜரின் வாட்டை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். 4எஸ்-இல் கனெக்டரைச் செருகும்போது ஸ்பீடு கண்ட்ரோலரின் கெப்பாசிட்டர் ஒரேயடியாக நிரம்புவதால் தீப்பொறி வரும், அது முனையை அரிக்கும். உள்ளே தடை வைத்த எக்ஸ்டி90-எஸ் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பினியன்72:

எல்லோருக்கும் நன்றி. 4600 எம்ஏஎச் ஷார்ட்டி இரண்டு, 25 மில்லிமீட்டர் உயரம், சாதாரண 7.4 வோல்ட் என்று முடிவு செய்கிறேன். வயரை 12 கேஜில் சுருக்கிவிடுகிறேன். கடைசியாக, குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும்? எந்த எண் வந்தால் ஓய்வு?

மில்லிஓம்:

நல்ல முடிவு. பேக்குக்கு ஏ, பி என்று பெயர் வைத்து வாங்கிய தேதியை மேலே எழுதுங்கள். ஒவ்வொரு ரேஸ் நாளும் நான்கு எண் போதும்: ஓட்டம் முடிந்ததும் இரண்டு செல்லின் வோல்டேஜ், திரும்ப ஏறிய எம்ஏஎச், பேக்கின் சூடு. மாதம் ஒருமுறை உள்தடை.

ஒரே தடம், ஒரே கியரிங். போன மாதம் 1600 ஏறியது இப்போது 1900 என்றால் பேக்கைச் சந்தேகிக்கும் முன் பேரிங்கையும் டிஃபரன்ஷியலையும் பாருங்கள், எங்கோ பிடிக்கிறது. எம்ஏஎச் மாறாமல் செல்களுக்கு நடுவே வித்தியாசம் 0.02-லிருந்து 0.08 என்று வளர்ந்தால் அது பேக். உள்தடை புதிதில் இருந்ததைப் போல இரண்டு மடங்கானால் ரேஸிலிருந்து எடுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் ஒரு வாரம் கிடக்கும்போது ஒரு செல் மட்டும் 0.03 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால், அல்லது ஸ்கேல் ஆடினால், பயிற்சிக்கும் வேண்டாம், பல்புக்கு அனுப்புங்கள்.

முதல் அளவை பேக் வந்த அன்றே, காரில் போடுவதற்கு முன்னால் எடுங்கள். சேமிப்பு வோல்டேஜில்தான் பெரும்பாலும் வரும்.